நம்பிக்கை இல்லாமல் தெரபிக்குப் போகலாமா? மனச்சோர்வுக்கு நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

போன இரண்டு மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதல் ஆள், பெங்களூர் மாரத்தஹள்ளியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பி. “அண்ணா, டாக்டர் சிபிடி எடுத்துக்கோன்னு சொல்றார். எனக்கு அதுல நம்பிக்கையே வரல. நம்பாம போனா வேலை செய்யுமா?” (சிபிடி என்பது எண்ணங்களைத் திருத்தப் பழக்கும் ஒரு பேச்சுச் சிகிச்சை.) இரண்டாவது, கணவர் இறந்து ஒன்றரை வருடமாகியும் எழுந்து நடமாட முடியாமல் கிடக்கும் ஸ்ரீராம்புரம் அக்கா. “பேசினா சரியாயிடுமா தம்பி? பேசுறதுக்கா காசு?” மூன்றாவது, அல்சூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும், ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா. “கோயிலுக்குப் போனா மனசு லேசாகுது. இவங்ககிட்ட போனா பர்ஸ்தான் லேசாகுது.”

நான் மருத்துவன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். சில வருடங்களுக்கு முன் எனக்கே மனச்சோர்வு வந்தது. இரண்டு தெரபிஸ்டுகளைப் பார்த்தேன். ஒருவரிடம் தோற்றேன், இன்னொருவரிடம் தேறினேன். அதற்கப்புறம் இது பற்றிக் கையில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படிக்கும் கிறுக்கு பிடித்துக்கொண்டது. அந்தக் கிறுக்கின் பலன்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறவர்களும், சாப்பாடு தூக்கம் அடியோடு போனவர்களும் இதைப் படித்து எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

## நம்பிக்கைக்கு எவ்வளவு மதிப்பெண்?

“நம்பினால்தான் நடக்கும்” என்பதும் மிகை, “நம்பிக்கையாவது மண்ணாவது, சிகிச்சை சரியாக இருந்தால் போதும்” என்பதும் மிகை.

2018 இல் அமெரிக்காவின் மைக்கேல் கான்ஸ்டன்டினோ குழுவினர் 81 நோயாளிக் குழுக்களின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு மட்டுமில்லாமல் பலவகை மனநலப் பிரச்சினைகளும் அதில் அடக்கம். ‘எனக்குக் குணமாகும்’ என்ற எதிர்பார்ப்போடு தெரபிக்கு வந்தவர்கள் கடைசியில் கொஞ்சம் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். எண்ணில் சொன்னால் தொடர்பு 0.18 (பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு). கணக்குப்பிள்ளை பாஷையில், குணமாவதில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு. அதே ஆண்டில் வந்த இன்னொரு தொகுப்பு 295 ஆய்வுகளைச் சேர்த்தது. தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் நடுவே உண்டாகும் ஒட்டுதலுக்கு அதில் தொடர்பு 0.28, அதாவது எட்டுப் பங்குக்குக் கிட்டே.

மூன்று பங்குதானே என்று தள்ளிவிட முடியாது. மனச்சோர்வுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட தெரபி வகைகளை ஒன்றோடொன்று மோதவிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் மிகச் சிறியதாகவே வருகிறது. வகைகள் பலவானாலும் பலன் ஒன்றுபோலத்தான் என்று சால் ரோசன்ஸ்வைக் 1936 லேயே எழுதிவிட்டார். கடையில் நான்கு அரிசியும் ஒரே விலை, ஒரே தரம் என்றால் நம் நாக்குக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்குகிறோம் இல்லையா? வகைகள் கிட்டத்தட்ட சமம் என்னும்போது நம்பிக்கையின் அந்த மூன்று பங்கே தேர்வைத் தீர்மானித்துவிடும்.

நம்பிக்கை எந்த வழியில் வேலை செய்கிறது என்பது எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது. 1980களில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் மனச்சோர்வு உள்ள 250 பேரை நான்கு கூட்டமாகப் பிரித்தது. இரண்டு கூட்டத்துக்கு இரண்டு வகை தெரபி, ஒன்றுக்கு இமிப்ரமின் மாத்திரை, ஒன்றுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. முடிவுகள் 1989 இல் வெளிவந்தன. அந்தத் தரவை 2002 இல் திரும்ப அலசியவர்கள் கண்டது இது: நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் சிகிச்சை தருபவரோடு கூடுதலாக ஒத்துழைத்தார்கள், அந்த ஒத்துழைப்பின் வழியாகத்தான் தேறினார்கள். நம்புகிற ஆள் அடுத்த வாரமும் வருகிறார், மறைக்காமல் பேசுகிறார், சொன்ன வேலையைச் செய்து பார்க்கிறார். மந்திரம் எதுவும் இல்லை.

இங்கே இரண்டு சிக்கல் இருக்கிறது. நம்பிக்கையால் குணம் வருவது போலவே குணத்தால் நம்பிக்கையும் வரும். மூன்றாவது வாரம் கொஞ்சம் தூக்கம் வந்துவிட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அடுத்தது, நம்பிக்கையின்மையே மனச்சோர்வின் ஒரு அறிகுறி. காய்ச்சலில் கிடப்பவருக்கு நாக்கு கசக்கும். அதைப் பார்த்து இந்தக் கஞ்சி இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. ‘எதுவும் உதவாது’ என்று நோய் பேசுகிறதா, ‘இந்த முறை எனக்குப் பொருந்தாது’ என்று நீங்கள் பேசுகிறீர்களா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிக்க ஒரு வழி உண்டு. பார்கோவெக், நாவ் என்ற இருவர் 1972 இல் ஒரு சின்னக் கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். திருத்திய வடிவத்தில் அது இன்றும் ஆய்வுகளில் புழங்குகிறது. சாரம் இதுதான்: இந்தச் சிகிச்சையின் விளக்கம் உங்களுக்கு அறிவுக்குப் பொருத்தமாகப் படுகிறதா? இதே பிரச்சினை உள்ள நண்பருக்கு இதைச் சிபாரிசு செய்வீர்களா? உங்களுக்கு எவ்வளவு குணம் கிடைக்கும் என்று உள்ளுக்குள் தோன்றுகிறது? முதல் இரண்டும் அறிவின் நம்பிக்கை, மூன்றாவது மனசின் எதிர்பார்ப்பு. மனச்சோர்வில் மூன்றாவது பாதாளத்தில்தான் கிடக்கும். முதல் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் வந்தால் கிளம்பிவிடலாம் என்பது என் கட்சி.

## எதை வைத்து எடைபோடுவது

என் அளவுகோல்கள் ஐந்து. வரிசையில் முதலாவதுக்குத்தான் எடை அதிகம்.

நம் துன்பத்துக்கு அந்த முறை தரும் விளக்கம் நமக்கு ஒட்டுகிறதா? அது கேட்கும் வேலையை இப்போதைய உடம்போடும் மனசோடும் செய்ய முடியுமா? அதைத் தருகிற ஆள் நம் மொழியில், நாம் சங்கடப்படாமல் பேசும்படி கிடைக்கிறாரா? மொத்தச் செலவு என்ன, வெளியே தெரியாத செலவு என்ன? பலன் வருகிறதா இல்லையா என்பது எத்தனை வாரத்தில் தெரியும்?

‘ஆதாரம் உண்டா’ என்பதைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. இங்கே எடுத்துக்கொண்ட நான்கு தெரபிகளுக்கும் ஆதாரம் உண்டு. ஆதாரமே இல்லாத ஒன்றை எவ்வளவு நம்பினாலும் இந்தப் பந்தியில் அதற்கு இலை கிடையாது.

## எண்ணத்தைத் திருத்துவது: சிபிடி

காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்பதன் சுருக்கம். பிலடெல்பியாவின் மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கியது. விளக்கம் சுருக்கமாக: மனச்சோர்வில் மனம் எல்லாவற்றையும் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறது. மேலாளர் வணக்கம் சொல்லாமல் போனால் ‘என்னை வேலையை விட்டு எடுக்கப்போகிறார்’ என்று தானாகவே ஒரு எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து, எழுதி, அதற்கு என்ன சாட்சி என்று குறுக்கு விசாரணை செய்யப் பழக வேண்டும். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள்.

நம்பிக்கைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு இந்த முறையில் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே மனச்சோர்வைப் பற்றி ஒரு சின்னக் கையேட்டைப் படிக்கக் கொடுப்பது பெக் முறையில் வழக்கம். அதைப் படித்துவிட்டு ‘அட, இது என் கதை’ என்று ஏற்றுக்கொண்டவர்கள் வேகமாகத் தேறினார்கள் என்று ஃபென்னல், டீஸ்டேல் இருவரும் 1987 இல் எழுதினார்கள். விளக்கத்தை ஏற்பதும், வீட்டுவேலையைச் செய்வதும், இரண்டுமே குணத்தோடு சேர்ந்து போவதாக 2000 இல் வந்த ஒரு ஆய்வும் சொன்னது.

நான் தோற்றது இங்கேதான். நகரின் ஒரு மையத்தில், முதல் நாளே ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஐந்து கட்டம். சூழ்நிலை, எண்ணம், உணர்ச்சி, சாட்சி, மாற்று எண்ணம். கணக்கு எழுதுபவனுக்குக் கட்டம் நிரப்பவா தெரியாது? அழகாக நிரப்பினேன். எல்லாம் பொய். எனக்கு வந்த எண்ணங்கள் தமிழில் வந்தன, அதுவும் என் அப்பாவின் குரலில் வந்தன. அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றியதும் யாரோ ஒருவனின் எண்ணம் போல ஆகிவிட்டது. ஏழாவது வாரம் முன்னேற்றம் இல்லை என்றதும், “நீங்க முழு நம்பிக்கையோட ஈடுபடல” என்றார்கள். ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது.

இதை எழுதுவது சிபிடியைக் குறை சொல்ல இல்லை. ‘நம்பிக்கை முக்கியம்’ என்ற உண்மையைத் தப்பாகக் கையில் எடுத்தால் அது நோயாளியின் தலையில் விழும் குட்டாக மாறிவிடும் என்று காட்டத்தான். மூன்று பங்கைக் காட்டி நூறு பங்குப் பழியைச் சுமத்தக் கூடாது. விளக்கத்தை நமக்கு ஒட்டும்படி சொல்வது தெரபிஸ்டின் வேலை.

வெளியே தெரியாத செலவு: வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேர எழுத்துவேலை. அப்புறம், ‘உன் எண்ணம் தப்பு’ என்பதாகக் காதில் விழும் அபாயம். நிஜமாகவே மேலாளர் கொடுமைப்படுத்துகிறார், நிஜமாகவே கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், எண்ணத்தை விசாரிக்கச் சொல்வது எரிச்சலைத்தான் கிளப்பும். காரண காரியமாக யோசிப்பதில் ருசி உள்ளவர்களுக்கும், குற்ற உணர்ச்சி சுற்றிச்சுற்றி வருபவர்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

## முதலில் காலை நகர்த்துவது: செயல் வழி தெரபி

ஆங்கிலத்தில் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிறார்கள். மனம் சரியானால் வெளியே போகலாம் என்று காத்திருக்காதே, வெளியே போனால் மனம் பின்னாலேயே வரும் என்பதுதான் அடிப்படை. சோர்வில் நாம் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறோம். விட்டதால் சந்தோஷம் தருகிற விஷயங்கள் குறைகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் செக்குமாட்டுச் சுற்றை எங்காவது ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும். தினமும் என்ன செய்தோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று ஒரு டைரி. பிறகு சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துத் திரும்பக் கொண்டுவருவது.

கேட்டால் சிரிப்பு வரும். “இதைத்தானே எங்கம்மா ஆம்பூரிலிருந்து போன் போட்டு தினமும் சொல்றாங்க, இதுக்கு ஏன் காசு?” என்று நானும் கேட்டேன். இந்த முறையின் பெரிய பலவீனமே இதுதான், பார்ப்பதற்கு ஒரு சிகிச்சை போலவே இருக்காது. முதல் பார்வையில் நம்பிக்கை மதிப்பெண் குறைவாகவே விழும். ஆனால் ஆதாரம் பலமானது. இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2016 இல் வெளிவந்தது. தெரபியில் நீண்ட பயிற்சி இல்லாத இளநிலை ஊழியர்கள் தந்த செயல் வழி தெரபி, தேர்ந்த தெரபிஸ்டுகள் தந்த சிபிடிக்குச் சளைக்கவில்லை. செலவும் குறைவு. நமக்கு இன்னும் பக்கத்தில், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழு 495 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017 இல் லான்செட் இதழில் வந்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வு. மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து வெளியே வந்தவர்கள் 64 சதவீதம். இந்த அமர்வுகள் இல்லாமல் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

எனக்கு ஒட்டியது இது. இரண்டாவது தெரபிஸ்ட் முதல் நாள் கேட்ட கேள்வி நினைவிருக்கிறது: “நான் சொன்னதுல எது உங்களுக்கு நம்புற மாதிரி இல்ல?” எல்லாமே என்றேன். அவர் கோபப்படவில்லை. “சரி, நம்ப வேணாம். ஒரு வாரம் காலையில ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்து ஒரு நம்பர் மட்டும் எழுதுங்க” என்றார். எண்களை நம்பாமல் என்னால் இருக்க முடியாது என்று அந்தம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ.

யாருக்கு ஒத்துவராது? 1996 இல் ஆடிஸ், ஜேக்கப்சன் இருவரும் பார்த்தது: தங்கள் சோர்வுக்கு வாழ்க்கையின் அர்த்தமின்மை போன்ற ஆழமான காரணங்களைச் சொன்னவர்கள் எண்ணத்தைத் திருத்தும் முறையில் நன்றாகத் தேறினார்கள், செயல் வழி முறையில் பின்தங்கினார்கள். ‘நான் எதற்காக வாழ்கிறேன்’ என்று கேட்பவரிடம் ‘காலையில் நடங்கள்’ என்றால் அவமானமாகத்தானே படும். மறைந்திருக்கும் இன்னொரு செலவு வீட்டார். எழுந்து நடமாடுவதைப் பார்த்ததும் “அதான் சரியாயிட்டியே” என்று மொத்த வேலையையும் தலையில் கட்டிவிடுவார்கள்.

## உறவைப் பார்ப்பது: ஐபிடி

இன்டர்பர்சனல் சைக்கோதெரபி என்பதன் சுருக்கம். ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் இருவரும் 1970களில் அமைத்தது. சோர்வு எந்த உறவு மாற்றத்தோடு சேர்ந்து வந்தது என்று பார்க்கிறது. சாவு, சண்டை, வாழ்க்கையில் ஒரு திருப்பம், தனிமை என நான்கே தலைப்புகள். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 12 முதல் 16 வாரம்.

மணமாகிச் சேலத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிக்கு வந்து, பேச ஆளில்லாமல் இருக்கும் பெண்ணுக்கு ‘உன் எண்ணம் தப்பு’ என்பதைவிட ‘நீ இழந்தது நிஜம், அதைப் பற்றிப் பேசுவோம்’ என்பது சட்டென்று ஒட்டும். முதல் அமர்விலேயே “இது உங்கள் குணக்கேடு இல்லை, ஒரு நோய்” என்று சொல்லிவிடுவது இந்த முறையின் வழக்கம். உகாண்டா கிராமங்களில் உள்ளூர்க்காரர்களே குழுவாக நடத்தி இது பலன் தந்ததாக 2003 இல் ஒரு ஆய்வு வந்தது. துன்பத்தை உறவுகளின் பாஷையில் பேசும் ஊர்களுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். நம் ஊரும் அப்படித்தானே.

குறை என்னவென்றால், இதில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதிலும் தமிழ் பேசுபவர் வேண்டும் என்றால் இன்னும் தேடல். கூடவே, மாமியார் விஷயத்தையோ கணவர் விஷயத்தையோ வெளியாளிடம் சொல்கிறோமே என்ற உறுத்தல் முதல் சில வாரம் தின்னும்.

## ஆழத்தில் தோண்டுவது: சைக்கோடைனமிக்

குழந்தைப் பருவம், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி உறவில் மாட்டிக்கொள்வது, தெரபிஸ்டிடமே அது மறுபடி நிகழ்வது என்று போகும் வழி. வருடக்கணக்கில்தான் என்றில்லை, 16 முதல் 24 வாரக் குறுகிய வடிவங்களும் மனச்சோர்வுக்குச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது நான்காவது முறையாகச் சோர்வு வந்து ‘ஏன் எனக்கே திரும்பத் திரும்ப’ என்று கேட்பவர்களுக்கு இதன் விளக்கம் ஒட்டும். பலன் தெரிய நாளாகும் என்பதால், மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டுபவர்களுக்கு முதல் தேர்வாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | சிபிடி | செயல் வழி | ஐபிடி | சைக்கோடைனமிக் |
|---|---|---|---|---|
| சோர்வுக்குத் தரும் விளக்கம் | எண்ணம் திரிந்துவிட்டது | நல்லவை குறைந்துவிட்டன | உறவில் ஏதோ மாறிவிட்டது | பழைய காயம் திரும்ப வருகிறது |
| முதல் பார்வையில் நம்ப | படித்தவர்களுக்கு எளிது | கடினம், ‘இவ்வளவுதானா’ | பலருக்கு எளிது | ஆளைப் பொறுத்தது |
| வாரம் கேட்கும் உழைப்பு | எழுத்து | நடமாட்டம், டைரி | பேச்சு, உறவில் சின்ன முயற்சிகள் | பேச்சு |
| பலன் தெரிய | 4 முதல் 6 வாரம் | 2 முதல் 4 வாரம் | 4 முதல் 8 வாரம் | மாதங்கள் |
| வெளியே தெரியாத செலவு | குற்ற உணர்ச்சி, ஆங்கிலப் படிவங்கள் | ‘சரியாயிட்டியே’ என்ற வீட்டார் | குடும்ப ரகசியம் | நீளும் கட்டணம் |

‘பலன் தெரிய’ வரிசையில் உள்ளவை நானும் எனக்குத் தெரிந்தவர்களும் கண்டதைக் கொண்டு போட்ட தோராயம். விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## மாத்திரை, கோயில்

மாத்திரையைத் தெரபிக்கு எதிர்க்கட்சியாக நிறுத்துவதே தவறு. சோர்வு கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்வதுதான் பெரும்பாலும் நல்லது. மாத்திரை பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரமாகும். பக்க விளைவுகள் அதற்கு முன்பே வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். தானாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எதிர்பார்ப்பு இங்கும் தன் வேலையைக் காட்டுகிறது. ‘உங்களுக்குக் கொடுப்பது நிஜ மருந்து’ என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், ‘போலியாகவும் இருக்கலாம்’ என்று சொல்லப்பட்டவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள் என்று 2017 இல் சிட்டலோப்ரம் என்ற மனச்சோர்வு மருந்தை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வு காட்டியது.

ஐயாவின் கோயில் விஷயத்தைச் சிரித்துத் தள்ளவும் மனமில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு, தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து 2002 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. மருந்தில்லாமல் சில வாரங்கள் அங்கே இருந்தவர்களின் அறிகுறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மனச்சோர்வு இல்லை, இன்னும் கடுமையான மனநோய்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் வைக்கவில்லை. எனவே கோயில் குணமாக்கும் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. வைவார் யாருமில்லாத, பழகிய ஒரு இடம் மனிதரைக் கொஞ்சம் ஆற்றும் என்று சொல்லலாம். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற சாமியாரிடம் மட்டும் போகாதீர்கள்.

## பெங்களூரில் மொழி என்கிற செலவு

நான்கு வகைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிட, தமிழில் பேசுவதா ஆங்கிலத்தில் பேசுவதா என்பது பெரிய வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. ‘ஐ ஃபீல் லோ’ என்று சொல்பவர் பாதிதான் சொல்கிறார். ‘மனசு பாரமா இருக்கு’, ‘நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி’, ‘ஒண்ணும் ஓடல’ என்பவை வேறு சங்கதி.

பெங்களூரு மனநல வெளிநோயாளிகள் 80 பேரிடம் ரகுராம் குழு செய்த ஒரு ஆய்வு 1996 இல் வந்தது. சோர்வு கூடக்கூட வெட்கமும் கூடியது. உடம்பு வலி, அசதி என்று சொன்னவர்களுக்கு வெட்கம் குறைவாக இருந்தது. தலை கனக்கிறது என்றால் யாரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள், மனசு கனக்கிறது என்றால் நிறுத்துவார்கள். இந்தக் கணக்கு தெரிந்த தெரபிஸ்டிடம்தான் விளக்கம் ஒட்டும். தெரபியை அந்தந்தச் சமூகத்துக்கு ஏற்ப மாற்றிய ஆய்வுகளை 2011 இல் தொகுத்தவர்கள், மாற்றங்களிலேயே அதிக வித்தியாசம் தந்தது ஒன்றுதான் என்றார்கள்: நோய்க்கான விளக்கத்தை வருபவரின் நம்பிக்கைக்குப் பொருந்தும்படி சொல்வது.

காசு விஷயம் எல்லா வழிக்கும் பொது. தனியாரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு, போகவர ஒரு நாள் கணக்கு. 2017 மனநலச் சட்டம் காப்பீட்டு நிறுவனங்கள் மனநோயையும் உடல்நோய் போலவே நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் என்கிற பாலிசியில் தெரபிக் கட்டணம் வராது. உங்கள் பாலிசியில் வெளிநோயாளிப் பிரிவு உண்டா என்று பாருங்கள். சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போய்வர மூன்று மணி நேரம் ஆகும் இடத்தை நான்காவது வாரம் விட்டுவிடுவீர்கள், நம்பிக்கை எவ்வளவு இருந்தாலும் சரி. ஆன்லைன் நல்லதுதான். ஆனால் பிஜி விடுதியில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருப்பவர் எங்கே உட்கார்ந்து அழுவார்? மாரத்தஹள்ளித் தம்பி அலுவலகக் கட்டடத்தின் பார்க்கிங்கில், நண்பனின் காருக்குள் உட்கார்ந்து பேசினானாம்.

‘கவுன்சிலர்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆறே அமர்வில் உத்தரவாதமாகக் குணம் என்று சொல்பவரைத் தவிருங்கள். அந்த உத்தரவாதத்தால் முதல் வாரம் நம்பிக்கை ஏறும், ஏழாவது வாரம் மொத்தமாக இறங்கும்.

## மூன்றாவது அமர்வு

முதல் அமர்வில் முடிவெடுக்காதீர்கள், விளக்கமே முழுதாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். பத்தாவது வரை இழுக்கவும் வேண்டாம். மூன்றாவது முடிந்த அன்று மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். கூடவே மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை ஆரம்பத்தில் ஒரு முறையும் ஆறாவது வாரம் ஒரு முறையும் நிரப்புங்கள். தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 27 க்கு 5 புள்ளி குறைந்தால் நிஜமான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விளக்கம் ஒட்டவில்லை என்றால் அதைத் தெரபிஸ்டிடமே சொல்லுங்கள். அவர் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தால் நல்ல ஆள். கோபப்பட்டால் வேறு ஆளைத் தேடுங்கள். விரும்பிய சிகிச்சை கிடைக்காதவர்கள் நடுவில் விட்டுவிடும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு என்று 2018 இல் ஒரு தொகுப்பாய்வு கண்டது. விருப்பத்தைச் சொல்வது அடம் பிடிப்பதாகாது.

தம்பிக்கு நான் சொன்னது: சிபிடிக்கே போ, ஆனால் படிவத்தைத் தமிழில் நிரப்பலாமா என்று கேள். போனான். விளக்கத்துக்கு எட்டு, எதிர்பார்ப்புக்கு மூன்று என்று எழுதினானாம். “மூணு போதும், ஆரம்பிக்கலாம்” என்றாராம் தெரபிஸ்ட். அக்கா இழப்பிலிருந்து வந்தவர் என்பதால் ஐபிடி தெரிந்த, தமிழ் பேசும் ஒருவரைத் தேட மூன்று வாரம் ஆனது. இரண்டு அமர்வு முடிந்திருக்கிறது. பேசியதைவிட அழுததுதான் அதிகமாம், ஆனால் மூன்றாவதற்குப் போகிறேன் என்கிறார்.

ஐயாவைச் செயல் வழி முறைக்கு அனுப்பினேன். போவதற்கு முன் ஆயிரம் முணுமுணுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் பார்த்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்துக் காட்டினார். “அந்தப் பொண்ணு, கோயிலுக்குப் போறதையே டைம் போட்டு எழுதச் சொல்லிடுச்சுப்பா. செவ்வாய்க்கிழமைக்கு ஏழு மார்க் போட்டிருக்கேன், பாரு.”